காக்ஸ் டவுனும் காக்ஸுகளும்

பெங்களூர்த் தண்டுப் பகுதியில் குடியிருக்கும் நம்மவர்களின் விலாசங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், ஏதோ லண்டன் சர்ச் ஒன்றின் பழைய பதிவேட்டைப் புரட்டுவது போலிருக்கும். பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், பென்சன் டவுன், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன். இவற்றில் எந்தப் பெயரையும் நாம் வைத்ததில்லை. ஆனால் நாலு தலைமுறையாக நம் ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இவை தாம் அச்சாகி வருகின்றன. "காக்ஸ் டவுன் பெரியம்மா", "மர்ஃபி டவுன் மாமா" என்று உறவைக்கூட இப்பெயர்களைக் கொண்டே அடையாளம் சொல்கிறோம்.

நான் காக்ஸ் டவுன்காரன். ஆகவே என் ஆராய்ச்சியும் அந்த ஒரு பெயரோடு நின்றது. காக்ஸ் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயரைத் தாங்கிய புகழ்பெற்ற மனிதர்கள் யார், அவர்களுக்குள் என்ன சம்பந்தம், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். காக்ஸ் பஜார், காக்ஸ் அண்ட் கிங்ஸ், காக்ஸ் டவுன் எல்லாமே ஒரே துரையின் பெயர்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை.

முதலில் நம் பேட்டையின் காக்ஸ். 1881-இல் மைசூர் ராஜ்யம் மீண்டும் உடையார்கள் கைக்கு வந்தபோது, பெங்களூர்த் தண்டை மட்டும் ஆங்கிலேயர் விடவில்லை. சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில் தனியாகத் தம் ஆட்சியில் வைத்துக்கொண்டு, 1947-இல்தான் மைசூரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஸ்டேஷனில் கலெக்டராகவும் மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டாகவும் இருந்தவர் அலெக்சாண்டர் ராங்கன் காக்ஸ். 1898-இல் பெங்களூரைப் பிளேக் உலுக்கிய பிறகு, நெருக்கடியான பழைய சந்துகளை விட்டுக் காற்றோட்டமான புதுக் குடியிருப்புகள் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அதன்படி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசர் டவுன் எழுந்தது. பின்னர் அதன் அண்டையில் விரிந்த பகுதிக்குக் கலெக்டர் காக்ஸின் பெயர் அமைந்தது. பிரேசர், நாலாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்து பிறகு ரெசிடென்ட் ஆனவர். ராஜாவின் வாத்தியார் என்பதால் அவர் பெயரை நினைவில் வைக்க ஒரு கதை இருக்கிறது. நம் காக்ஸுக்கு அப்படி எதுவும் இல்லை. நிர்வாகக் காகிதங்களில் கையெழுத்துப் போட்ட ஓர் அதிகாரி, அவ்வளவே. ஆனாலும் அவர் பெயர் தினமும் எத்தனை பஸ் கண்டக்டர்கள் வாயில் புகுந்து வருகிறது பாருங்கள்!

சரி, காக்ஸ் என்றால் என்ன பொருள்? ஆங்கிலத்தில் 'காக்' என்றால் சேவல். சேவல் போல நெஞ்சை நிமிர்த்தித் திரியும் வாலிபப் பையன்களைப் பழங்கால இங்கிலாந்தில் செல்லமாக அப்படி அழைத்தார்கள். நாம் 'குட்டி', 'ராசா' என்று பெயரோடு ஒட்டுவது போல, அவர்களும் பெயரின் வாலில் இதை ஒட்டினார்கள். வில் என்ற வில்லியம் 'வில்காக்' ஆனான். ஆடம் 'ஆட்காக்' ஆனான். ஹான்காக், ஹிட்ச்காக் எல்லாம் இந்த ரகம்தான். 'காக்' என்று வெறுமனே அழைக்கப்பட்டவனுடைய மகன் 'காக்ஸ்' ஆனான். கடைசியில் நிற்கும் அந்த 'ஸ்' நம் வேற்றுமை உருபு மாதிரி: காக்கினுடைய பிள்ளை. சில குடும்பங்களுக்கு வேல்ஸ் மொழியில் சிவப்பைக் குறிக்கும் 'கோக்' என்ற சொல்லே மூலம் என்றும் சொல்வார்கள். செந்தலையன், செவலை என்று நம் ஊரில் பட்டப்பெயர் வைப்பது போல.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கிலேயரின் குடும்பப் பெயரில் பெரும்பகுதி ஆதியில் அப்பன் பெயர்தான். ஜான்சன் என்றால் ஜானின் மகன். வில்லியம்ஸ் என்றால் வில்லியமின் பிள்ளை. ஒரு காலகட்டத்தில் அந்த அப்பன் பெயர் உறைந்துபோய், பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது. நமக்கு உறையவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகப் பெயர்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். நம்மிடம் ஏதோ குறைவது போலப் பேசுகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம். சேவல் என்ற செல்லப்பெயர் பல ஊர்களில் பல பையன்களுக்கு இருந்ததால், காக்ஸ் என்ற பெயரும் பல இடங்களில் தனித்தனியாக முளைத்தது. எல்லாக் காக்ஸும் ஒரு கொடியில் பூத்தவர்கள் அல்லர்.

நமக்கு மிக நெருக்கமான காக்ஸ் பெங்களூரில் இல்லை, வட ஆற்காட்டில் இருக்கிறார். சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஆர்தர் எஃப். காக்ஸ், 1881-இல் வட ஆற்காடு மாவட்டக் கையேட்டைத் தொகுத்து வெளியிட்டார். 1890-களில் ஹெரால்ட் ஸ்டூவர்ட் என்ற அதிகாரி அதைத் திருத்தி விரிவாக்கி இரண்டு தொகுதிகளாக்கினார். சென்னை அரசாங்கம் அக்காலத்தில் மாவட்டந்தோறும் இப்படி ஒரு கையேடு எழுதச் செய்தது. மண், மழை, ஏரி, பயிர், சாதி, கோயில், வரலாறு, தாலுகா என்று எல்லாவற்றையும் ஒரு கலெக்டர் கண்ணால் பார்த்து எழுதிய புத்தகங்கள் இவை. வரி வசூலுக்கான கண் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் அந்தக் கண் பார்த்து எழுதி வைக்காவிட்டால் பல குக்கிராமங்களைப் பற்றிப் பழைய எழுத்தில் ஒரு வரிகூட நமக்குக் கிடைத்திருக்காது.

இது ஏன் நம் மலருக்குரிய விஷயம் என்று கேட்கலாம். தண்டுத் தமிழர்களில் பெரும்பாலோருடைய பூர்வீகம் இந்த வட ஆற்காடுதானே! 1809-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படையைப் பெங்களூருக்கு மாற்றித் தண்டு அமைத்தபோது, படையோடு ஒப்பந்தக்காரர், வியாபாரி, தையற்காரர், சலவைக்காரர், சமையற்காரர், தோட்டக்காரர் என்று நம் ஜனங்கள் கூடவே வந்தார்கள். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு ரயில் வந்ததும் வழி சுலபமாயிற்று. 1876 முதல் 78 வரையிலான தாது வருஷப் பஞ்சம் வட ஆற்காட்டை வாட்டி வதைத்தது. காக்ஸின் கையேடு வெளிவந்தது அந்தப் பஞ்சம் அடங்கிய மூன்றே வருடத்தில். அவர் விவரிக்கும் குடியாத்தத்தையும் வேலூரையும் ஆற்காட்டையும் ஆரணியையும் விட்டுத்தான் நம் பாட்டன்மார் ரயிலேறினார்கள். அன்றைய வட ஆற்காடு இப்போதுள்ள பல மாவட்டங்களை உள்ளடக்கியது. சித்தூர்தான் அதற்குத் தலைநகரம். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1989-இல் மிச்சமிருந்ததும் இரண்டானது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 'வட ஆற்காடு' என்ற பெயரே இன்று எந்த மாவட்டத்துக்கும் இல்லை. கையேட்டின் அட்டையிலும் பெரியவர்கள் பேச்சிலும் மட்டும் மிச்சம்.

கலெக்டர் அலெக்சாண்டர் காக்ஸும் கையேட்டுக்காரர் ஆர்தர் காக்ஸும் ஒரே வீட்டார் என்று சிலர் பேச்சுவாக்கில் சொல்வதுண்டு. பெயர் ஒன்றாயிருப்பது உறவுக்குச் சாட்சி ஆகாது. நம் ஊரில் இரண்டு பேர் பெயருக்கு முன்னால் 'கே' இருக்கிறது என்பதற்காக அவர்களைப் பங்காளிகள் என்போமா? மாறாக, நம்மவர் தம் ஊரையே பெயரில் சுமந்தார்கள். தண்டுத் தமிழர் வரலாற்றில் தலையாய இடம் பெறும் ஆற்காடு நாராயணசாமி முதலியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1868-இல் முடிந்த அட்டார கச்சேரி, அதாவது இன்றைய கர்நாடக உயர்நீதிமன்றக் கட்டடம், அவர் கட்டியது. 1873-இல் அவர் தொடங்கிய பள்ளியே அல்சூர்ப் பக்கம் ஆர்.பி.ஏ.என்.எம். என்ற எழுத்துகளால் அறியப்படும் கல்வி நிறுவனங்களாக வளர்ந்தது. அந்த எழுத்துகளில் 'ஏ' என்பது ஆற்காடு. அங்கே படித்த எத்தனை பிள்ளைகளுக்கு அது தெரியுமோ!

இனி வெளியூர் காக்ஸுகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். சிப்பாய்க்குக் காக்ஸ் என்றால் சம்பளம். ரிச்சர்ட் காக்ஸ் என்பவர் 1758-இல் ஒரு காவற்படைக்குப் பணப் பட்டுவாடா செய்யும் ஏஜெண்டாக நியமனம் ஆனார். அதிகாரிகளின் சம்பளம், உடுப்பு, கடிதம், மூட்டை முடிச்சு எல்லாம் அவர் கம்பெனி பொறுப்பு. 1905-இல் பம்பாயில் கிளை திறந்தார்கள். 1922-இல் ஹென்றி கிங் கம்பெனியுடன் சேர்ந்து காக்ஸ் அண்ட் கிங்ஸ் ஆயிற்று. மறுவருடமே வங்கித் தொழில் லாயிட்ஸ் வங்கி வசம் போனது. பிரயாண ஏற்பாட்டுத் தொழில் மட்டும் அந்தப் பெயரில் தொடர்ந்தது. நம் ஆட்களில் பலர் கைலாசத்துக்கும் காசிக்கும் ஐரோப்பாவுக்கும் டிக்கெட் போட்ட அந்த இந்தியக் கம்பெனி, 2019-இல் கடனைத் திருப்ப முடியாமல் திவால் நடவடிக்கைக்குள் போனது.

இன்னொரு ரிச்சர்ட் காக்ஸ் பீர் வடிக்கும் ஆலை நடத்தி ஓய்வு பெற்றவர். இங்கிலாந்தில் கோல்ன்புரூக் என்ற ஊரில் 1820-களில் அவர் ஊன்றிய விதையிலிருந்து கிளம்பியதுதான் காக்ஸ் ஆரஞ்சு பிப்பின் என்ற ஆப்பிள். அங்கே போய்ப் படிக்கும் நம் பிள்ளைகள் கடையில் 'காக்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 'நம்ம ஏரியா ஆப்பிள்' என்று போட்டோ அனுப்புகிறார்கள்.

பெயரும் ஒன்று, ஊரும் ஒன்று என்றால் இன்னும் வேடிக்கை. டேவிட் காக்ஸ் என்ற நீர்வண்ண ஓவியர் 1783-இல் பர்மிங்ஹாமில் பிறந்தார். டேவிட் காக்ஸ் என்ற புள்ளியியல் மேதை 1924-இல் அதே பர்மிங்ஹாமில் பிறந்தார், 2022-இல் மறைந்தார். இரண்டாமவரின் பெயர் நம் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. புற்றுநோய்க்கு ஒரு மருந்து பலன் தருகிறதா என்று சோதிக்கிறார்கள். சிலர் ஆறு மாதத்தில் இறந்துவிடுகிறார்கள். சிலர் சோதனை முடியும்போதும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் இன்னும் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. இப்படி அரைகுறையாக நிற்கும் கணக்கை வைத்துக்கொண்டு, அந்த மருந்தோ வயதோ புகைப்பழக்கமோ ஆபத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறது, குறைக்கிறது என்று கண்டறியும் முறையை 1972-இல் அவர் வகுத்தார். உலகெங்கும் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் அதைக் 'காக்ஸ் முறை' என்றே சொல்கிறார்கள். டாக்டர் உங்கள் அம்மாவுக்கு இந்த மருந்தைச் சிபாரிசு செய்தால், அதன் பின்னால் எங்கோ ஒரு காக்ஸ் கணக்கு இருக்க வாய்ப்பு அதிகம். என்னைக் கேட்டால் காக்ஸுகளில் இவருக்குத்தான் ஒரு டவுன் வைத்திருக்க வேண்டும். பிரையன் காக்ஸிலும் இரண்டு பேர். ஒருவர் 1946-இல் பிறந்த ஸ்காட்லாந்து நடிகர். மற்றவர் 1968-இல் பிறந்த இயற்பியல் பேராசிரியர், டெலிவிஷனில் விண்மீன்களைப் பற்றிப் பேசுபவர்.

ஆனால் காக்ஸ் வரலாற்றில் என் மனசு தங்குவது கேப்டன் ஹிராம் காக்ஸிடம். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. 1796 முதல் ரங்கூனில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்தவர். 1784-இல் பர்மிய மன்னர் அரக்கான் நாட்டைப் பிடித்ததும், அரக்கானியர் கூட்டங்கூட்டமாக எல்லை தாண்டி வங்காளத்தின் தென்கோடிக்கு ஓடி வந்தார்கள். அந்த அகதிகளைக் குடியமர்த்தும் வேலையைக் கம்பெனி ஹிராம் காக்ஸிடம் ஒப்படைத்தது. வேலை பாதியில் நிற்கும்போதே 1799-இல் அவர் அங்கேயே இறந்துபோனார். அகதிகளுக்காக அமைந்த சந்தை அவர் பெயரால் காக்ஸ் பஜார் ஆயிற்று. இன்று அது வங்கதேசத்தின் பெயர்பெற்ற கடற்கரை ஊர், மாவட்டமும் கூட. 2017 ஆகஸ்டில் அதே அரக்கானிலிருந்து, இப்போது ராக்கைன் என்று வழங்கும் பகுதியிலிருந்து, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் அதே மாவட்டத்துக்கு ஓடி வந்தார்கள். முன்பே வந்தவர்களையும் சேர்த்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். அவர்கள் தங்கியிருக்கும் குடுப்பாலாங் முகாம் உலகின் மிகப்பெரிய அகதி முகாம்களில் ஒன்று. இருநூறு வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பெயரின் வேலை முடியவில்லை. பர்மாவிலிருந்து 1942-இல் கால்நடையாக வந்த குடும்பங்கள் நம் நடுவிலும் இருக்கின்றன. அவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஹிராம் காக்ஸுக்குச் சதுரங்கத்தின் மேலும் பைத்தியம். பர்மியர் ஆடும் சதுரங்கத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, அவர் இறந்த பிறகு 1801-இல் 'ஏசியாடிக் ரிசர்ச்சஸ்' இதழில் வந்தது. நாலு பேர் உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ஆட்டமே ஆதிச் சதுரங்கம், இருவர் ஆட்டம் அதிலிருந்து பிறந்தது என்பது அவர் கட்சி. பின்னால் டங்கன் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அதை வளர்த்தார். பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் ஏற்கவில்லை. ஆனாலும் 'காக்ஸ்–ஃபோர்ப்ஸ் கொள்கை' என்று சதுரங்க வரலாற்றில் பெயர் நிற்கிறது.

வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு இன்னொரு காக்ஸ். சர் பெர்சி காக்ஸ், 1864-இல் பிறந்தவர். பட்டாள அதிகாரியாக இந்தியாவுக்கு வந்து, பாரசீக வளைகுடாவில் அரசியல் ரெசிடென்ட் ஆனார். அந்த வேலை அப்போது இந்திய சர்க்காருக்குக் கீழ்ப்பட்டது. வளைகுடா நாடுகளில் 1960-கள் வரை நம் ரூபாய் ஓடியதற்கும் அந்தத் தொடர்பே காரணம். 1922-இல் உகைர் என்ற கடற்கரை இடத்தில் இப்னு சவூதை உட்காரவைத்துப் பேசி, குவைத், நஜ்து, ஈராக் ஆகியவற்றின் எல்லைகளைச் சிவப்புப் பென்சிலால் வரைபடத்தில் கிழித்தார் என்பது அங்கே உடனிருந்த ஆங்கில அதிகாரி ஒருவர் எழுதி வைத்தது. குவைத் தனதென்று நினைத்திருந்த நிலத்தில் பெரும்பங்கு மறுபக்கம் போயிற்று. இன்று குவைத்தில் வேலை பார்க்கும் தம்பியும் சவூதியில் வேலை பார்க்கும் அண்ணனும் விசா இல்லாமல் சந்திக்க முடியாமல் இருப்பது அந்தக் கோட்டின் வம்சத்தில் வந்த கோட்டினால்தான். அரபிகள் வாயில் அவர் பெயர் 'கோக்கஸ்' ஆயிற்று. நம் கிழவிகள் வாயில் காக்ஸ் டவுன் 'காஸ்டௌன்' ஆன மாதிரி.

அமெரிக்காவில் ஆர்ச்சிபால்ட் காக்ஸ் என்ற சட்டப் பேராசிரியர், வாட்டர்கேட் வழக்கில் அதிபர் நிக்சனின் ஒலிநாடாக்களைக் கேட்டு விடாப்பிடியாக நின்றதற்காக 1973 அக்டோபர் 20 அன்று பதவி நீக்கப்பட்டார். பத்தே மாதத்தில் நிக்சனே பதவி விலக நேர்ந்தது. இங்கிலாந்தில் ஜோ காக்ஸ் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர் 2016 ஜூன் 16 அன்று தம் தொகுதியிலேயே கொல்லப்பட்டார். அகதிகளுக்காகக் குரல் கொடுத்தவர் அவர். பிறந்த வீட்டில் அவர் பெயர் ஜோ லெட்பீட்டர். காக்ஸ் என்பது கல்யாணத்தில் வந்தது. 2021 இடைத்தேர்தலில் அதே தொகுதியில் ஜெயித்தவர் அவருடைய கூடப்பிறந்த தங்கை, கிம் லெட்பீட்டர். பெயரின் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்தால் அக்காவும் தங்கையும் யாரோ எவரோ. பர்மிங்ஹாம் டேவிட் காக்ஸ் இருவரும் அண்ணன் தம்பி!

நம் பக்கத்திலும் இந்த வேடிக்கை உண்டு. 1933 முதல் 1970-இல் மறையும் வரை பெங்களூரிலேயே வாழ்ந்த சர் சி.வி. ராமன் பெயரைப் பாருங்கள். வெங்கடராமன் என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் வெங்கட, ராமன் என்று இரண்டாகப் பிளந்து, பின்பாதி குடும்பப் பெயராகிவிட்டது. 'சி' என்பது அப்பா சந்திரசேகரன். அவருடைய அண்ணன் சுப்பிரமணியனின் மகன் சந்திரசேகர், தாத்தா பெயரைத் தாங்கியவர், அப்பா பெயரை முன்னால் வைத்துக்கொண்டார். சித்தப்பாவுக்கு 1930-இல் நோபல் பரிசு, மகனுக்கு 1983-இல். ஒரே வீட்டு இரண்டு நோபல். ஆனால் உலக அகராதிகளில் ஒருவர் 'ரா'வில், மற்றவர் 'ச'வில். சதுரங்க வீரர் ஆனந்த்தை வெளிநாட்டார் செல்லமாக 'விஷி' என்று கூப்பிட்டார்கள். விசுவநாதன் அவர் அப்பா பெயர். அப்பாவைக் கூப்பிட்டுப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள்!

இதெல்லாம் சிரிக்க நன்றாயிருக்கும். பாஸ்போர்ட் ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது சிரிப்பு வராது. தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளை வளர்க்கும் எல்லா வீட்டிலும் நடக்கும் பேச்சுத்தான் என் வீட்டிலும் நடந்தது. பேரன் ஸ்கூல் பாரத்தை நீட்டினான்.

"தாத்தா, நம்ம சர்நேம் என்ன?"

"நமக்கு அதெல்லாம் கிடையாதுடா. இனிஷியல்தான்."

"என் ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் இருக்கு. கௌடா, ஷெட்டி, ராவ். எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

மருமகள் உள்ளேயிருந்து, "மாமா, அந்தக் கட்டத்துல ஏதாவது போட்டே ஆகணுமாம். காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காதாம்" என்றாள்.

ஏன் இல்லை என்பதற்குப் பதில் இருக்கிறது. நமக்கும் வாலில் ஒன்று இருந்தது, சாதிப் பட்டம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் அதை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். பெரியாரே தம் பெயரிலிருந்து 'நாயக்கர்' என்பதை நீக்கினார். அடுத்தடுத்த தலைமுறையில் தமிழ்நாட்டில் அது பரவலான வழக்கமாயிற்று. ஆக, அந்தக் கட்டம் காலியாக இருப்பது மறதியால் அல்ல. வேண்டுமென்றே காலி செய்தது. கர்நாடகத்திலும் ஊர், அப்பா இரண்டையும் முன்னெழுத்தாக வைக்கும் வழக்கம் உண்டு. தேவே கௌடாவின் 'ஹெச்.டி.' என்பது ஹரதனஹள்ளி தொட்டேகௌடா, அதாவது ஊரும் தகப்பனும். நம் 'கு. ரா.' மாதிரியேதான். வித்தியாசம், அவர்களுக்கு வாலும் இருக்கிறது.

ஆனால் உலகம் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரைக் காலியாக விடலாம். ஆனால் அப்படி விட்டவருக்கு அமெரிக்க விசாவில் அவர் பெயரே குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று மூன்று எழுத்து விழும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். அங்கே போய் வங்கியிலும் லைசென்சிலும் பிள்ளை 'மிஸ்டர் தெரியவில்லை' ஆகிவிடுவான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. பான் கார்டிலும் வெறும் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்பா பெயரை விரித்துக் கடைசிக் கட்டத்தில் போட்டோம். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் செய்வது இதுதான். அம்மா பெயரைப் போட்ட வீடும் எனக்குத் தெரியும். ஊர்ப் பெயரைப் போட்டு, 'குடியாத்தம்' என்று அமெரிக்காவில் கூப்பிடப்படும் பையனையும் தெரியும். எதைப் போட்டாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். ஒன்றில் 'எம்', இன்னொன்றில் 'முருகேசன்' என்றிருந்தால் கெஜட்டில் அறிவிப்பு, அஃபிடவிட் என்று அலைய வேண்டிவரும். இன்னொரு பக்கமும் உண்டு. கணவர் பெயரைக் கடைசியில் போட்டுக்கொண்ட மனைவிக்கும், அப்பா பெயரைப் போட்டுக்கொண்ட மாமனாருக்கும் ஒரே வீட்டில் வெவ்வேறு குடும்பப் பெயர். ஏர்போர்ட்டில் கேட்டால் பொறுமையாக விளக்கத்தான் வேண்டும். இங்கிலாந்தில் இப்படித்தான் ஏழெட்டு நூற்றாண்டுக்கு முன் அப்பன் பெயர்கள் உறையத் தொடங்கின. நம் முருகேசன்களும் செல்வராஜ்களும் உறைந்துகொண்டிருப்பது நம் கண்ணெதிரே. நூறு வருடம் கழித்து நியூ ஜெர்சியில் சம்பந்தமே இல்லாத பத்து 'முருகேசன்' குடும்பங்கள் இருக்கும். அவர்களில் யாராவது எல்லோரும் ஒரே வம்சமோ என்று கட்டுரை எழுதலாம்.

காக்ஸ் டவுனுக்கும் பின்னாளில் வேறு பெயர் வைத்தார்கள். சர்வக்ஞ நகர். காக்ஸ் டவுனைத் தொட்டுக் கிடக்கும் சட்டமன்றத் தொகுதிக்கும் 2008 முதல் அதே பெயர். சர்வக்ஞர் மூன்றடிப் பாடல்களால் கன்னட மக்கள் நாவில் வாழ்பவர். நம் வள்ளுவருக்கு ஈரடி, அவருக்கு மூவடி. எல்லாம் அறிந்தவர் என்பது அப்பெயரின் பொருள். அவருக்கும் வள்ளுவருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. பதினெட்டு வருடம் துணி போர்த்தி மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று அல்சூர் ஏரிப் பக்கம் திறக்கப்பட்டதையும், நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டதையும் நாம் மறக்க மாட்டோம். அந்த நாட்களில் தண்டுத் தமிழர் பட்ட பயமும் சந்தோஷமும் தனிக் கட்டுரைக்குரியது. வாக்காளர் அட்டையில் சர்வக்ஞ நகர் என்று இருப்பவர்கள்கூட, ஆட்டோ ஏறினால் காக்ஸ் டவுன் என்றுதான் சொல்கிறார்கள். தமிழர், கன்னடியர், சிந்திக்காரர், ஆங்கிலோ இந்தியர் எல்லோரும் அப்படித்தான். எந்தக் காக்ஸ் என்று ஆட்டோக்காரர் கேட்பதில்லை. மார்க்கெட் பக்கமா, ரயில்வே கேட் பக்கமா என்று மட்டும் கேட்பார்.